ஐம்பது கிராமுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? எடை குறைந்த ஓட்ட ஷூக்கள், பயிற்சிக்கும் போட்டிக்கும்

கேள்வி: அரை மராத்தானை 2 மணி 5 நிமிடத்தில் முடித்திருக்கிறேன். வரும் ஜனவரியில் சென்னையில் முதல் முழு மராத்தான். 4 மணி 20 நிமிடம் இலக்கு. வாரம் 40 கி.மீ. ஓடுகிறேன். இப்போது இருப்பது 300 கிராம் எடையுள்ள கனமான மெத்தை ஷூ. எடை குறைந்ததாக இரண்டு ஜோடி, பயிற்சிக்கு ஒன்றும் போட்டிக்கு ஒன்றும், வாங்க நினைக்கிறேன். அடிடாஸ் ஈவோ எஸ்எல், சாக்கனி என்டார்ஃபின் ஸ்பீடு, நைக்கி வேப்பர்ஃப்ளை மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை எதற்கு வாங்கலாம்?

பதில்:

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பொறுமையாகப் படித்துக்கொள்ளுங்கள். ஈவோ எஸ்எல், என்டார்ஃபின் ஸ்பீடு இரண்டையும் போட்டுப் பார்த்து, காலுக்குப் பொருந்துகிற ஒன்றை மட்டும் வாங்குங்கள். வேகப் பயிற்சிகளையும், நீண்ட ஓட்டங்களில் பாதியையும், ஜனவரி மராத்தானையும் அதிலேயே ஓடுங்கள். மிச்சப் பணத்தில் ஈஸி ரன்களுக்கு (மெதுவான, சிரமமில்லாத ஓட்டங்களுக்கு) ஆசிக்ஸ் நோவாபிளாஸ்ட் மாதிரி உழைக்கிற ஒன்று. வேப்பர்ஃப்ளையை இந்த வருடம் விட்டுவிடலாம்.

உங்கள் கேள்வியில் ‘எடை’ என்ற சொல்தான் முன்னால் நிற்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 170 அடி வைக்கிறீர்கள், இரண்டு மணி ஐந்து நிமிடம் ஓடுகிறீர்கள், ஆக ஒரு காலுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் அடி. ஷூவில் 50 கிராம் குறைந்தால் ஒரு காலுக்கு மட்டும் அரை டன் தூக்குவது மிச்சம்! கணக்கில் தப்பில்லை. ஆனால் எழுபது கிலோ ஆள் அதே பத்தாயிரம் அடியில் தன் உடம்பை எத்தனை டன் சுமக்கிறார் என்றும் கூட்டிப் பாருங்கள், எழுநூறைத் தாண்டும். அதற்குப் பக்கத்தில் இந்த அரை டன்னை வைத்துப் பார்த்தால் பயம் தெளிந்துவிடும்.

அளந்து பார்த்த எண் வேறு இருக்கிறது. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால், ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 1 சதவீதம் கூடும். 1980-களிலிருந்து பலமுறை சோதித்து உறுதியான எண் இது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ரோஜர் கிராம் என்பவரின் ஆய்வுக்கூடம் 2016-இல் இதை மைதானத்துக்குக் கொண்டுபோனது. ஓடுகிறவர்களுக்குத் தெரியாமல் ஷூக்களில் ஈயக் குண்டுகளை ஒளித்து வைத்து, 3,000 மீட்டர் ஓடவிட்டார்கள். 100 கிராம் கூடியதற்கு ஓட்ட நேரம் 0.78 சதவீதம் கூடியது. ஷூ கனக்கிறது என்று மனசு சொல்லித் தந்த சோர்வு இதில் கலந்திருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் இந்த ஆய்வை நான் நம்புகிறேன்.

இதை உங்கள் காலுக்குக் கொண்டுவருவோம். 300 கிராமிலிருந்து 225 கிராமுக்கு இறங்கினால் அரை மராத்தானில் முக்கால் நிமிடம், முழு மராத்தானில் ஒன்றரை நிமிடம் மிச்சமாகலாம். அது செலவழிக்கத் தகுந்த மிச்சம்தான். 225-இலிருந்து 185 கிராமுக்கு, அதாவது வேப்பர்ஃப்ளை 3-இன் எடைக்கு, மேலும் இறங்கினால் முழு மராத்தானில் இன்னொரு ஐம்பது நொடி. அந்த நாற்பது கிராமுக்காகக் கூடுதலாக எத்தனை ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள் என்பதை விலைப்பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை மட்டுமே எல்லாம் என்றால் வெறுங்கால்தான் உலகத்திலேயே சிறந்த ஷூவாக இருக்க வேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அபேபே பிகிலா வெறுங்காலோடு 2:15:16-இல் மராத்தானை வென்றது உண்மைதான். ஆனால் அதே கொலராடோ கூடம் 2012-இல் வெறுங்காலையும் மெல்லிய, எடை குறைந்த ஷூவையும் ஒப்பிட்டபோது வெறுங்காலுக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. மெத்தை இல்லாதபோது அந்த வேலையைத் தசை செய்ய வேண்டியிருக்கிறது. எடையில் மிச்சம் பிடித்த ஆற்றல் அங்கே போய்விடுகிறது. ஒரு காலத்தில் இருந்த மெலிந்த ‘ரேசிங் ஃப்ளாட்’ ஷூக்களில் முழு மராத்தான் ஓடிய மூத்தவர்கள் யாரையாவது கேளுங்கள், 30 கி.மீ.க்கு மேல் கெண்டைக்கால் என்ன பாடுபட்டது என்று சொல்வார்கள்.

2017-இல் இந்தக் கதை தலைகீழானது. அதுவரை பயிற்சி ஷூ தடிமனாகவும் போட்டி ஷூ மெலிதாகவும் இருக்கும். அந்த மே மாதம் இத்தாலியின் மோன்ஸா கார்ப் பந்தயத் தளத்தில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே மராத்தான் தூரத்தை 2:00:25-இல் ஓடினார். காலில் இருந்தது தடித்த அடிப்பாகமுள்ள, நைக்கியின் ஒரு முன்மாதிரி ஷூ. ஜூலையில் வேப்பர்ஃப்ளை 4% கடைக்கு வந்தது, விலை 250 டாலர். அந்த 4-க்குப் பின்னால் இருந்ததும் கொலராடோ ஆய்வுதான். 18 வேக ஓட்டக்காரர்களை அன்றைய இரு முன்னணிப் போட்டி ஷூக்களிலும் (நைக்கி ஸ்ட்ரீக் 6, அடிடாஸ் அடியோஸ் பூஸ்ட் 2) வேப்பர்ஃப்ளை முன்மாதிரியிலும் ஓடவிட்டு, மூச்சில் செலவாகும் ஆக்சிஜனை அளந்தார்கள். சராசரியாக 4 சதவீத ஆற்றல் மிச்சம். ஆய்வுக்கு நைக்கிதான் பணம் கொடுத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் வேறு பல ஆய்வுக்கூடங்களும் அதை ஒட்டிய எண்களையே கண்டன.

இதில் பலரும் கவனிக்காத விஷயம், அவர்கள் மூன்று ஷூக்களின் எடையையும் ஈயம் சேர்த்துச் சமமாக்கிவிட்டுத்தான் அளந்தார்கள். அப்படியென்றால் அந்த 4 சதவீதத்தில் எடையின் பங்கு சுத்தமாக இல்லை. எடையைக் குறைத்தே 4 சதவீதம் பிடிக்க வேண்டுமானால் ஷூவுக்கு 400 கிராம் குறைக்க வேண்டும். அவ்வளவு எடையே எந்த ஓட்ட ஷூவிலும் கிடையாது.

வித்தையெல்லாம் மிட்சோலில், அதாவது பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் ஃபோமில் இருந்தது. அழுத்தும்போது உள்வாங்கும் ஆற்றலில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்று பார்த்தபோது, ஸ்ட்ரீக்கின் ஃபோம் சுமார் 66 சதவீதம், அடியோஸின் பூஸ்ட் 76, வேப்பர்ஃப்ளையின் பெபாக்ஸ் (ஒரு வகை பிளாஸ்டிக்) ஃபோம் 87. அது எடையும் குறைவு என்பதால் 20 மி.மீ. போடும் இடத்தில் 35 மி.மீ. போடலாம், மொத்த எடை ஏறாது. ஃபோமுக்குள் பதித்திருக்கும் விறைப்பான கார்பன் பிளேட் (தகடு) இல்லாமல் இது நடக்குமா என்று பின்னர் ஒரு ஆய்வில் வேப்பர்ஃப்ளையின் பிளேட்டைக் குறுக்கே பல இடங்களில் அறுத்துவிட்டு ஓடவிட்டார்கள். வித்தியாசம் அரை சதவீதத்தை ஒட்டித்தான், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. பிளேட் அவ்வளவு மென்மையான ஃபோமை ஒரு கட்டுக்குள் வைக்கிறது, முன்பக்க வளைவுக்கு வடிவம் தருகிறது. ஸ்பிரிங் மாதிரி தூக்கி எறிகிறது என்பது விளம்பரக்காரர்களின் கற்பனை.

நைக்கியின் சொந்த அலமாரியே இதற்குச் சாட்சி. அவர்களின் இன்னொரு போட்டி ஷூவான ஆல்ஃபாஃப்ளை 3, வேப்பர்ஃப்ளையைவிடக் கனம் அதிகம். 2023 அக்டோபரில் சிகாகோ மராத்தானைக் கென்யாவின் கெல்வின் கிப்டும் 2:00:35-இல் ஓடியது அந்தக் கனமான ஆல்ஃபாஃப்ளை 3-இல்தான். எடையே ராஜா என்றால் அவர் அதைத் தேர்ந்திருக்க மாட்டார். அதற்கு இரண்டு வாரம் முன்பு பெர்லின் மராத்தானில் எத்தியோப்பிய வீராங்கனை டிகிஸ்ட் அசெஃபா 2:11:53 ஓடிய அடிடாஸ் அடியோஸ் ப்ரோ ஈவோ 1 எதிர்க்கோடி: 138 கிராம், 500 டாலர். ஒரு மராத்தான், அதற்கு முன் கொஞ்சம் பழகிக்கொள்ளும் ஓட்டம், அவ்வளவுதான் அதன் ஆயுள் என்று கம்பெனியே சொன்னது. அவ்வளவு எடை குறைய வேண்டுமென்றால் ரப்பரைச் சுரண்டி, உள்மெத்தையை எடுத்து, துணியைக் கண்ணாடித் தாளாக்க வேண்டும். 2025-இல் ஆசிக்ஸ் மெட்டாஸ்பீடு ரே 129 கிராமுக்கு வந்துவிட்டது. வேடிக்கை பார்க்கலாம், நமக்கு வேலையில்லை.

இப்போது உங்கள் வேகம். அரை மராத்தான் 2:05 என்றால் கிலோமீட்டருக்கு 5:55, மணிக்குச் சுமார் 10 கி.மீ. அந்த 4 சதவீதம் அளக்கப்பட்டது மணிக்கு 14 முதல் 18 கி.மீ. ஓடுகிறவர்களிடம். உங்கள் வேகத்தில் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு உண்டு. 2023-இல் வெளியானது, வேப்பர்ஃப்ளை நெக்ஸ்ட்% 2-ஐ வழக்கமான ஃபோம் கொண்ட ஷூவோடு ஒப்பிட்டது. மணிக்கு 12 கி.மீ.யில் சராசரி மிச்சம் 1.4 சதவீதம், 10 கி.மீ.யில் 0.9 சதவீதம். அந்தச் சராசரிக்குள்ளேயே சிலருக்குப் பலன், சிலருக்கு நஷ்டம். ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வைச் சொல்லலாம். உலகத்தரக் கென்ய ஓட்டக்காரர்களையே சோதித்ததில், மெலிந்த ஃப்ளாட்டோடு ஒப்பிட ஒருவருக்கு 11.4 சதவீதம் லாபம், இன்னொருவருக்கு 11.3 சதவீதம் நஷ்டம். ‘எனக்கு அது வேலை செய்தது’ என்று பூங்காவில் யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அது உங்களுக்கும் வேலை செய்யும் என்பதற்கு அது சாட்சியும் இல்லை.

ஆக, உங்கள் விஷயத்தில் நல்ல ஃபோம் வேண்டும், எடை 220–240 கிராமுக்குள் இருந்தால் போதும், ஐந்நூறு கிலோமீட்டராவது உழைக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்கிற நடு வகை ஷூக்கள் ஐந்தாறு வருடமாகத்தான் பெருகியிருக்கின்றன. பத்து வருடம் முன்பு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நானும் பயிற்சிக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஈவோ எஸ்எல் 2024 கடைசியில் வந்தது. சுமார் 224 கிராம், அறிமுக விலை 150 டாலர். அடியோஸ் ப்ரோ போட்டி ஷூவில் போடும் லைட்ஸ்ட்ரைக் ப்ரோ என்ற ஃபோமையே முழு அடிப்பாகத்துக்கும் கொடுத்து, கார்பன் கம்பிகளை மட்டும் எடுத்துவிட்டார்கள். மெதுவாக ஓடும்போது மென்மை, வேகம் கூட்டும்போது துள்ளல் என்று இரண்டுக்கும் ஒத்துப்போகிற சுபாவம். குறைகளும் உண்டு. நாக்குப் பகுதி மெலிது, லேஸை இறுக்கினால் பாதத்தின் மேல்புறம் அழுந்தும். குதிகால் பக்கம் மென்மை அதிகம், குதிகாலை முதலில் ஊன்றி ஓடுகிறவர்களுக்கு, அதிலும் கணுக்கால் உள்பக்கம் சாய்கிறவர்களுக்கு, நீண்ட ஓட்டத்தின் கடைசியில் ஆட்டம் காணும். பெசன்ட் நகரில் யு-டர்ன் அடிக்கும்போதே அதைத் தெரிந்துகொள்ளலாம்.

என்டார்ஃபின் ஸ்பீடு கொஞ்சம் ஒழுங்குக்காரன். நான்காம் பதிப்பு சுமார் 233 கிராம். குதிகாலில் 36 மி.மீ., முன்பாதத்தில் 28 மி.மீ. தடிமன், ஆக டிராப் (இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம்) 8. பெபாக்ஸ் போன்ற ஃபோம், நடுவில் நைலான் பிளேட். நைலான் கார்பனைவிட வளைந்து கொடுக்கும், அதனால் தினசரி ஓட்டத்திலும் பாதத்தை முறைக்காது. முன்பக்கம் படகு மாதிரி மேலே வளைந்திருப்பதால் அடி தானாக முன்னால் உருளும். கிலோமீட்டருக்கு 5:00 முதல் 6:00 வரையிலான டெம்போவுக்கு (சீரான, சற்றே வேகமான பயிற்சி ஓட்டத்துக்கு) இதைவிட இசைவான ஷூ அதிகம் இல்லை என்பது என் எண்ணம். ஏழு நிமிட வேகத்தில் உருண்டுகொண்டு போக மட்டும் இதற்குப் பிடிக்காது, அந்த வளைவு வேகம் கேட்கும்.

இரண்டில் எது என்றால், குதிகால் ஊன்றுபவர், கணுக்கால் சாய்கிறவர் என்றால் ஸ்பீடு. முன்பாதமோ நடுப்பாதமோ ஊன்றுபவர், ஒரே ஷூவில் எல்லாம் ஓட ஆசைப்படுபவர் என்றால் ஈவோ எஸ்எல். உங்கள் பழைய ஷூவின் அடியைத் திருப்பிப் பாருங்கள், எங்கே தேய்ந்திருக்கிறது என்று அதுவே சொல்லும்.

வேறு பெயர்களும் காதில் விழும். அடிடாஸ் பாஸ்டன் 12 கண்ணாடியிழைக் கம்பிகளோடு சுமார் 260 கிராம். அடி ரப்பர் நன்றாக உழைக்கும், கொஞ்சம் விறைப்பு. ஆசிக்ஸ் சூப்பர்பிளாஸ்ட் 2 அருமையான ஷூ, 250 கிராமுக்குள் அவ்வளவு தடிமன் ஆச்சரியம்தான், ஆனால் 200 டாலர் விலையில் உங்கள் பட்ஜெட்டை அது ஒன்றே விழுங்கிவிடும். புமாவின் டீவியேட் நைட்ரோ 3 கார்பன் கலந்த பிளேட்டோடு வரும் பயிற்சி ஷூ. தள்ளுபடியில் கிடைத்தால் யோசிக்கலாம், ஈரத் தரையில் அதன் ரப்பர் பிடிப்பு நான் பார்த்ததிலேயே சிறந்தவற்றுள் ஒன்று. வடகிழக்குப் பருவமழை நேரத்தில்தான் உங்கள் நீண்ட ஓட்டங்கள் வரப்போகின்றன, எனவே இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால், பெட்டியில் போட்டிருக்கும் எடை உலர்ந்த ஷூவின் எடை. அதுவும் ஒரு கம்பெனி யுகே 8-க்கும் இன்னொன்று யுகே 9-க்கும் சொல்லும். வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் உங்கள் சைஸை நீங்களே நிறுத்துப் பாருங்கள். பிறகு சென்னைப் புழுக்கத்தில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு வந்து அதே ஷூவை மறுபடி தராசில் வையுங்கள், சிரிப்பு வரும். வியர்வை காலுறை வழியாக இறங்கி உள்மெத்தையில் தேங்குகிறது. போதாக்குறைக்குத் தண்ணீர் மேசை வரும்போதெல்லாம் தலையில் ஒரு பாட்டிலைக் கவிழ்த்துக்கொள்கிறோம், அது முதுகு, தொடை, முழங்கால் என்று வழிந்து நேராக ஷூவுக்குள். பல ஆயிரம் கொடுத்துக் குறைத்த நாற்பது கிராம் பத்தே நொடியில் திரும்பி வந்துவிடும். ஊற்றிக்கொள்ளுங்கள், வெயிலுக்கு அது அவசியம். கொஞ்சம் முன்னால் குனிந்து ஊற்றிக்கொள்ளுங்கள். ஷூ வாங்கும்போது குதிகால் காலரிலும் நாக்கிலும் பஞ்சு குறைவாக, மேல்துணி காற்றோட்டமாக இருப்பதாகப் பாருங்கள். கடையில் சொகுசாகத் தெரியும் பஞ்சுதான் இங்கே தண்ணீர்த் தொட்டி. ஈவோ எஸ்எல்லின் மெலிந்த நாக்கு இந்த ஊருக்கு ஒருவகையில் வசதி.

அளவு விஷயத்தில் இன்னொரு உள்ளூர்ச் சங்கதி. தென்னிந்தியாவில் வெறுங்காலோடே நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்து 2009-இல் ஒரு ஆய்வு வெளியானது. ஷூவிலேயே வளர்ந்த மேற்கத்தியப் பாதங்களைவிட அவை முன்பக்கம் அகலமாக இருந்தன. செருப்பில் வளர்ந்த நம் பலருக்கும் அதே அமைப்புத்தான். வேப்பர்ஃப்ளை, அடியோஸ் ப்ரோ மாதிரிப் போட்டி ஷூக்கள் நடுப்பாதத்தில் ஒடுக்கமாக வருபவை. சுண்டுவிரல் நெருக்கப்படுகிறது என்று பலர் ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறார்கள். நீளம்தான் கூடுமே தவிர அகலம் போதாது, குதிகால் கழன்று வேறு வரும். நோவாபிளாஸ்ட் போன்ற சிலவற்றில் அகல வார்ப்பு தனியாக உண்டு, கேட்டு வாங்குங்கள். மாலையில், ஓடும்போது போடும் காலுறையோடு போய், நின்றபடி கால் கட்டைவிரலுக்கு முன்னால் கைப் பெருவிரல் அகல இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 30 கி.மீ.க்குப் பிறகு பாதம் வீங்கும்.

வேப்பர்ஃப்ளையை ஏன் வேண்டாம் என்கிறேன்? உங்கள் வேகத்தில் பலன் சிறிது என்பதைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று, உயரமான மென்மையான ஃபோம், விறைப்பான பிளேட் இரண்டும் சேர்ந்து சுமையைப் பாதத்தின் வேறு எலும்புகளுக்கும் தசைகளுக்கும் மாற்றுகின்றன. கார்பன் ஷூ போட்டு ஓடிய ஐந்து விளையாட்டு வீரர்களுக்குப் பாதத்தின் நடுவில் உள்ள நாவிகுலர் எலும்பில் அழுத்தக் காயம் வந்ததை மருத்துவர்கள் 2023-இல் பதிவு செய்தார்கள். ஐந்து பேர் கதை ஷூதான் காரணம் என்று நிரூபிக்காது. ஆனால் முதல் மராத்தானுக்கு, நான்கு மணி நேரத்துக்கு மேல் காலில் இருக்கப்போகிற ஷூவுக்கு, அந்தச் சந்தேகமே எனக்குப் போதும். களைத்துப்போய் அடி குலையும் கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் ஒடுங்கிய அடிப்பாகம் ஸ்திரமாக இருக்காது.

அரை மராத்தான் 1:45-ஐ ஒட்டி வந்து, வாரம் 55–60 கி.மீ. தொந்தரவில்லாமல் ஓடுகிற நிலை வந்ததும் தாராளமாக வாங்குங்கள். அப்போது மணிக்கு 12 கி.மீ. ஓடுவீர்கள், 1.4 சதவீதம் என்பது ஒன்றரை நிமிடம். வாங்கினால் போட்டியன்று பெட்டியைப் பிரிக்காமல், அதற்கு முன் இரண்டு மூன்று முறை, அதில் ஒன்றையாவது போட்டி வேகத்தில் 15 கி.மீ.க்குக் குறையாமல், ஓடிப் பாருங்கள். வாராவாரம் அதையே போட்டு ஓடாதீர்கள். அதன் ஃபோமும் மெல்லிய ரப்பரும் நம் சிமென்ட் சாலைக்குச் சீக்கிரம் களைத்துவிடும்.

‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று மூவாயிரத்துக்குக் கார்பன் ஷூ விற்கிற இன்ஸ்டாகிராம் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். வெளித்தோற்றத்தை அப்படியே எடுத்துவிடுகிறார்கள், உள்ளே பழைய காலத்து ஃபோம்தான். நிஜ ஷூவின் மதிப்பே ஃபோமில் இருக்கும்போது வெறும் மேல்துணிக்குப் பணம் கொடுப்பானேன். பட்ஜெட் குறைவு என்றால் டெகாத்லான் கிப்ரன் கேடி900 வரிசையைப் போட்டுப் பாருங்கள். அல்லது பெரிய பிராண்டில் புதிய பதிப்பு வந்த மாதம் பழைய பதிப்பை வாங்குங்கள், பெரும்பாலும் மேல்துணியும் சாயமும்தான் மாறியிருக்கும்.

சிலர் 40 மி.மீ. விதியைச் சொல்லிக் குழப்புவார்கள். உலகத் தடகள அமைப்பு 2020-இல் சாலைப் போட்டிகளுக்கு அடிப்பாகம் 40 மி.மீ.க்கு மேல் கூடாது, ஒரு பிளேட்டுக்கு மேல் கூடாது என்றது. 2021 வியன்னா மராத்தானில் முதலாவதாக வந்த டெராரா ஹுரிசாவை 50 மி.மீ. ஷூ போட்டதற்காகத் தகுதிநீக்கம் செய்தார்கள், பாவம். அது பரிசுக்கும் சாதனைக்கும் ஓடுகிறவர்கள் பாடு. நாற்பதைத் தாண்டும் நோவாபிளாஸ்ட்டிலோ சூப்பர்பிளாஸ்ட்டிலோ நீங்கள் ஓடினால் யாரும் அளவுகோலோடு வரப்போவதில்லை.

இரண்டு ஜோடி எதற்கு, ஒன்றே போதாதா என்று கேட்டால், லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் தொடர்ந்த ஆய்வைச் சொல்வேன். ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் இந்தப் பலன் வருமா என்பது சந்தேகம். மென்மையும் டிராப்பும் வேறுவேறாக இருந்தால் சுமை வேறுவேறு இடத்தில் விழும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அதனால்தான் சுமார் 255 கிராம், 8 மி.மீ. டிராப், பிளேட் இல்லாத நோவாபிளாஸ்ட் 5-ஐ ஈவோ எஸ்எல்லுக்கு ஜோடியாகச் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு ஈஸி ரன் நோவாபிளாஸ்ட்டில், டெம்போவோ இன்டர்வலோ (இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓடுவது) லேசான ஷூவில், ஞாயிறு நீண்ட ஓட்டத்தை வாரம் மாற்றி ஒன்றில். டிசம்பரில் வரும் மிக நீண்ட இரு ஓட்டங்களையும் மராத்தானுக்குரிய ஷூவிலேயே ஓடுங்கள், அதே காலுறையோடு.

ஓடி முடித்ததும் ஷூவைக் காரின் டிக்கியில் பூட்டி வைக்காதீர்கள், மொட்டை மாடி வெயிலிலும் காய வைக்காதீர்கள். சூட்டில் பசை விடும், ஃபோம் சுருங்கும். உள்மெத்தையை உருவி எடுத்து, ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மின்விசிறிக்கு அடியில் போட்டால் மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

உங்களிடம் இருக்கும் 300 கிராம் ஷூவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதைச் சமதளமான மேசையில் வைத்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, மிட்சோலின் பக்கவாட்டில் ஆழமான மடிப்புகள் விழுந்திருந்தாலோ, காய்கறி வாங்கப் போவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். நேராக நின்றால் ஈஸி ரன்னுக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் ஓடும். இப்போதைக்கு லேசான ஷூவை மட்டும் வாங்கிவிட்டு, நோவாபிளாஸ்ட்டைத் தீபாவளித் தள்ளுபடிக்குத் தள்ளிப்போடலாம்.